கைகுலுக்க வைத்து அனுப்பாதீர்கள்: காவல் நிலையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பகைபட்ட குடும்பங்களுக்கு நடுவில் நின்று பேசுகிறவர்கள் நாங்கள். பல வருடப் பகை தெருவில் வெடித்த மறுநாள், இரு தரப்பிலும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் கண்டித்து, தாளில் கையெழுத்து வாங்கி, கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறீர்கள். பெரும்பாலும் அந்தப் பெரியவர் தெருவுக்கே வராதவர். தடி எடுத்த பையன் அந்தத் தாளைப் பார்த்திருக்கவே மாட்டான். “எங்களைக் கேட்காமல் எப்படிச் சமாதானம் போகலாம்?” என்று அந்த வீட்டுக்குள்ளேயே புதுச் சண்டை ஒன்று கிளம்பும்.

சண்டை நடந்த அன்று இரவு கவனம் மருத்துவமனை வாசலில் இருக்கட்டும். காயம்பட்ட இரு தரப்பையும் ஒரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், இரண்டாவது அடிதடி அங்கேதான். வேறு மருத்துவமனை இல்லையென்றால் வேறு வாசல், வேறு நேரம். ஒரு தரப்புக்கு உள்ளே இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். வன்முறையைத் தடுக்க 2005-ல் காவல் துறையே தனிப்பிரிவு தொடங்கிய ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், காயம்பட்டவரிடம் அவசரப் பிரிவிலேயே உட்கார்ந்து பேச ஆள் வைத்திருக்கிறார்கள். பழிவாங்கும் பேச்சு கட்டில் ஓரத்தில்தானே தொடங்குகிறது!

அடுத்தது வீடியோ. சுற்றிவரும் துண்டு எதிராளியின் முதல் அடியிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய அரை நிமிடம் வெட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக் கொதிப்பவர்கள் வெளியூரில் இருக்கும் உறவுக்காரர்கள். அடி படும் தூரத்தில் அவர்கள் இல்லை. அதனால் உசுப்புவது சுலபம். முழுப் பதிவை அன்றே வாங்கிவிடுங்கள். கண்காணிப்புக் கேமராவில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

“இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு” என்று கணக்குக்குக் கைது செய்வது நடுநிலை ஆகாது. சும்மா வேடிக்கை பார்த்தவன் உள்ளே போனால், பகைக்குப் புது ஆள் சேர்ந்தான். அதிகக் காயம் பட்டவர்தான் நிரபராதி என்பதும் இல்லை. இரு புகாரையும் ஒரே அதிகாரி விசாரித்தால்தான் யார் முதலில் கை ஓங்கியது என்று பிடிபடும்.

பேச்சுவார்த்தைக்கு வருவோம். இரு தரப்பையும் தனித்தனியாகப் பலமுறை பார்க்காமல் ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடாது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் இவர்கள் சொல்லும் வரலாறு, வலப்பக்கம் அவர்கள் சொல்வது. இவர்களுக்குப் பகை தொடங்கியது சுவர் எழுப்பிய வருடம். அவர்களுக்கு அதற்கும் முன்னால், ஒரு சாவு வீட்டில் முகம் கொடுக்காமல் போன நாள். இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டாம். பஞ்சாயத்துகள் பெரும்பாலும் முறிவது அங்கேதான்.

மன்னிப்பில் ஆரம்பிப்பதும் தவறு. “பகையை விடு” என்றால் கேட்கமாட்டார்கள். “30 நாள் கை வைக்காதே” என்றால் யோசிப்பார்கள். இரத்தப் பகைக்குப் பேர்போன வட அல்பேனியாவின் பழஞ்சட்டத்திலேயே ‘பெசா’ என்று காலக்கெடு போட்ட போர்நிறுத்தம் உண்டு. அந்த 30 நாளில் எந்தத் தெரு, எந்த நேரம், யார் வீடியோ போடக் கூடாது, வதந்தி வந்தால் யார் யாருக்கு போன் செய்வது என்பதை மட்டும் எழுதுங்கள். போன் எடுக்க வேண்டியவர், இளவட்டங்கள் யார் பேச்சுக்கு அடங்குவார்களோ அவர். வயதில் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வீடுகளில் அது ஒரு அத்தையாக இருக்கும்.

கொலையோ கொடுங்காயமோ நடந்திருந்தால் வழக்கு வழக்காகவே போகட்டும். பேச்சுவார்த்தை அடுத்த அடியைத் தடுக்க மட்டுமே. புகாரை வாபஸ் வாங்க வைக்க அல்ல.

நிலையத்து நாட்காட்டியில் நான்கு நாட்களைக் குறித்து வையுங்கள்: இறந்தவரின் நினைவு நாள், இரு வீட்டுக் கல்யாணங்கள், தீர்ப்பு நாள், ஜாமீனில் வெளிவரும் நாள். கடைசியதுதான் மோசம். மாலையும் வண்டி ஊர்வலமுமாக எதிர்த்தரப்பு வீட்டு வாசல் வழியாகத்தான் அழைத்து வருவார்கள். எந்த வழியாக வர வேண்டும் என்று முந்தின நாளே வெளிவருபவரின் வீட்டாரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நடுவர் பணியில் இருப்பவர்கள்