குறை உன் கைராசியில் இல்லை

பூம்பாறை,
சித்திரை 3

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். தாழ்வாரத்தில் பூண்டு காய்ந்துகொண்டிருந்ததால், அது பதமாகக் காய்ந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்தே எழுதலாம் என்று விட்டுவிட்டேன். மகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக நடந்தது, அவள் உன்னோடுதான் இருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. என்னால் வர முடியாமல் போனதுதான் வருத்தம். முழங்கால் இப்போது தேவலை. ஆனியில் பேறுகாலம் என்றால் வைகாசிக் கடைசியிலேயே நான் திருச்சிக்கு வந்துவிடுகிறேன்.

மொட்டைமாடியில் ஊன்றிய பூண்டைப் பற்றி எழுதியிருந்தாய். தாள் மட்டும் வளர்ந்ததாகவும், பிடுங்கிப் பார்த்தால் சின்ன வெங்காயம்போல ஒற்றை உருண்டையாக இருந்ததாகவும், உன் கைராசி அவ்வளவுதான் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. கத்தரியும் அவரையும் உன் கைபட்டு எப்படிக் காய்த்தன என்று பார்த்தவள் நான். பூண்டுக்குக் குளிர் வேண்டும். சில வாரங்களாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் உள்ளே பல் பல்லாகப் பிரியும். அது கிடைக்காவிட்டால் பிரியாமல் ஒரே பல்லாக உருண்டுவிடும். உனக்குக் கிடைத்தது அதுதான். திருச்சியின் மார்கழி நமக்குக் குளிர். பூண்டுக்கு அது போதாது. இங்கே கொடைக்கானல் மலையில், மார்கழியில் விடிந்ததும் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தப் பனியில் பூண்டுத்தாள் மட்டும் விறைப்பாக நிற்கும்.

நானும் எடுத்த எடுப்பில் தேறிவிடவில்லை. முதல் வருடம் செய்த தவறுகளை உனக்குச் சொன்னதே இல்லை. விதைக்கு வாங்கிய பூண்டில் பெரிய பற்களையெல்லாம் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் பொடிப் பற்களை ஊன்றினேன். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "நல்லதை நீ தின்னுட்டு மண்ணுக்கு மிச்சத்தைக் கொடுத்தால் அது உனக்கு எதைத் திருப்பித் தரும்?" என்று கேட்டார். அதோடு, அறுவடைக்கு முந்தின நாள்வரை தண்ணீர் ஊற்றினேன். தாள் பச்சையாக இருக்கிறதே என்று இன்னும் பத்து நாள் விட்டும்வைத்தேன். பிடுங்கியபோது மேல்தோல் வெடித்துப் பற்கள் தனித்தனியாக மண்ணுக்குள் கிடந்தன. பாதி அழுகிப்போயிற்று. அன்று மாலை பாட்டி ஒரு கட்டு பூண்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீட்டு அடுப்புக்கு மேல் தொங்கியது. புகை படிந்து பழுப்பேறியிருந்தது. இன்று என் பாத்தியில் இருப்பதெல்லாம் அந்தக் கட்டின் வழிவந்தவைதான். பூண்டை விதை தூவியா வளர்க்கிறோம்? பல்லை ஊன்றினால் அதே பூண்டு மறுபடி வருகிறது. அப்படிப் பார்த்தால் பாட்டியும் அவருடைய மாமியாரும் ஊன்றிய அதே செடிதான் என் மண்ணிலும் நிற்கிறது. களை எடுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

இந்த முறை ஐப்பசிக் கடைசியில் ஊன்றினேன். பத்தடிக்கு நாலடியில் ஒரே பாத்தி. மக்கின தொழு உரம் மூன்று கூடை. பல்லுக்குப் பல் நான்கு விரற்கடை, வரிசைக்கு வரிசை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கூர்முனை மேலே, வேர்ப்பக்கம் கீழே. தோலை உரிக்கவே கூடாது. மொத்தம் 240 பல் ஊன்றினேன். தையில் இலைப்பேன் விழுந்து தாளில் வெள்ளி வெள்ளியாகக் கோடு கண்டது. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்ததில் அடங்கிவிட்டது.

மாசி பாதியில் அடித்தாள்கள் மஞ்சளாகின. அன்றோடு தண்ணீரை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒன்றைத் தோண்டி, குறுக்காக அறுத்துப் பார்த்தேன். பற்கள் தோலை நிறைத்து, நெருக்கியடித்துக்கொண்டு, பால் வெள்ளையாக ஈரம் மினுங்க இருந்தன. அதைப் பார்த்தபின்தான் களைக்கொத்தை எடுத்தேன். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து அறுந்துவிடும். அதனால் பக்கவாட்டில் மண்ணை நெம்பி, அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். வேரெல்லாம் வெள்ளை மீசைபோல மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. கையால் உதிர்த்தேன், கழுவவில்லை. கழுவினால் நாள்பட நிற்காது. 211 தேறின. மூன்று வாரம் நிழலில் காய்ந்த பிறகு நிறுத்துப் பார்த்ததில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எனக்கு அது பொன்போல.

ஊர்க்காரர்கள் தங்கள் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரியும். ஆனாலும் கடையில் மலைப்பூண்டு என்று சொல்லி விற்பதெல்லாம் இந்த மலையில் விளைந்ததில்லை. மகளுக்கு என்று வரும்போது நீ கடைப் பூண்டை நம்பி நிற்க வேண்டாம். அவளுக்காகவே பெரிய தலைகளாகப் பார்த்து ஒரு கட்டு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு இல்லாமல் பத்தியச் சமையல் ஏது? உன் அம்மா உனக்குச் செய்துகொடுத்தது நினைவிருக்கிறதா? பல்லை நசுக்காமல் முழுதாகவே நல்லெண்ணெயில் மெல்லிய தீயில் வதக்குவார். நசுக்கும்போதும் நறுக்கும்போதும்தான் பூண்டின் காரமும் நெடியும் கிளம்புகின்றன; முழுப்பல்லாக வெந்தால் இனிப்பாக, வெண்ணெய்போலக் குழைந்துவிடும். அந்தப் பக்குவத்திலேயே மகளுக்கும் செய்.

உனக்கும் ஒரு கட்டு அனுப்புகிறேன், விதைக்கு. புரட்டாசி பாதியில் அதைக் காகிதப் பையில் போட்டு, பிரிட்ஜில் காய்கறித் தட்டில் வை. உறையும் பெட்டியில் வேண்டாம். ஆறு ஏழு வாரம் கழித்து, கார்த்திகை பிறந்ததும் வெளிப்பற்களை மட்டும் பிரித்து அன்றே ஊன்றிவிடு. மலையில் விளைவதுபோலப் பெரிய தலை வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பல் பிரிய நல்ல வாய்ப்பு உண்டு. பிரியாவிட்டாலும் தாள் இருக்கிறது. இளந்தாளை நறுக்கித் துவையல் அரைத்துப் பார், அதற்காகவே ஆண்டுதோறும் ஊன்றுவாய்.

தம்பி மகன் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திருச்சிக்கு வருகிறான். இரண்டு கட்டையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடாதே. வந்ததும் காற்றாட ஆணியில் தொங்கவிடு. மஞ்சள் நூல் கட்டியிருப்பது மகளுக்கு. வெள்ளை நூல் கட்டியிருப்பது விதைக்கு, குழம்புக்குப் பூண்டு இல்லாமல் போனாலும் அதில் கை வைக்காதே.

உன் அன்புத் தோழி