ஒன்பதில் ஒன்றைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கிரைஸ்லர் டர்பைன் காரைத் தேடி நான் அலைந்தது டெட்ராய்ட் பக்கத்து நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். என் தொணதொணப்பில் அந்தக் காரைப் பற்றிப் பாதி அவர்களுக்கும் மனப்பாடம். ஓடுகிற வண்டி ஒன்றைக் கடைசியில் பார்த்தாயிற்று, அதன் சத்தத்தையும் கேட்டாயிற்று. அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960களில் சோதனைக்காகச் செய்த கார் இது; சூடான வாயு சக்கரங்களைச் சுழற்றும் டர்பைன் என்ஜினில் ஓடும். மொத்தம் செய்தது 55 வண்டிகள். உடல் இத்தாலியின் தூரின் நகரத்தில், கியா (Ghia) என்ற கார் உடல் பட்டறையில் உருவானது. என்ஜினில் பிஸ்டன் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் ஒன்றே ஒன்று. டீசலோ மண்ணெண்ணெயோ, எதை ஊற்றினாலும் ஓடும். மெக்சிகோவில் டெக்கீலா ஊற்றியே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்! ஆனால் அன்றைக்கு ஊரெல்லாம் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல் மட்டும் அதற்கு ஆகாது. 1963 முதல் 1966 தொடக்கம் வரை, பொதுமக்கள் 203 பேருக்கு ஆளுக்கு மூன்று மாதம் வாடகையில்லாமல் ஓட்டக் கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும் 46 வண்டிகளை அழித்துவிட்டார்கள். இத்தாலிய உடலுக்குச் சுங்கவரி கட்ட வேண்டியிருந்ததைக் காரணமாகச் சொல்வார்கள். உதிரிபாகம் கிடைக்காத வண்டிகள் பழைய கார் சந்தையில் நின்று பெயரைக் கெடுக்குமே என்ற பயம்தான் பெரிது என்பது என் கணிப்பு.

மிஞ்சிய ஒன்பதில் பெரும்பாலானவை என்ஜினைச் செயலிழக்க வைத்த பிறகே அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஆகவே ஒன்றைப் பார்ப்பது சுலபம், ஓடக் கேட்பதுதான் பெரும்பாடு.

முதல் நன்றி, டெட்ராய்ட் பொது நூலகத்தின் வாகன வரலாற்றுப் பிரிவில் கோப்பு கோப்பாக எடுத்துத் தந்தவருக்கு. மூடும் நேரம் தாண்டியும் அவர் முகம் சுளிக்கவில்லை. எந்த வண்டி எங்கே போனது என்று நான் அட்டவணை போட முடிந்தது அவரால்தான்.

அடுத்து, ஓய்வுபெற்ற அந்த என்ஜினியர் ஐயாவுக்கு. நிமிடத்துக்கு 44,600 சுற்று சுற்றும் என்ஜின், பின்னால் நிற்பவரை ஏன் பொசுக்குவதில்லை என்று கேட்டேன். மேஜைமேல் இரண்டு சாப்பாட்டுத் தட்டை வைத்து விளக்கினார்: மெதுவாகச் சுழலும் இரண்டு வட்டுகள் வெளியேறும் வாயுவின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கின்றனவாம். எந்தப் புத்தகத்திலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. "ஓடுவது வேண்டுமென்றால் செயின்ட் லூயிஸுக்குப் போய்க் கேள்" என்று வழிகாட்டியவரும் அவரே.

ஒஹையோ அம்மையாருக்கும் நன்றி. அந்த 203 பேரில் அவருடைய அப்பாவும் ஒருவர். முன்பின் தெரியாத என்னை வீட்டுக்குள் அழைத்து ஆல்பத்தைத் திறந்தார். படம் கறுப்பு வெள்ளை; வண்டியின் செம்புப் பழுப்பு நிறத்தை அவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதம் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று அப்பா ராத்திரி சாப்பிடவில்லையாம்.

செயின்ட் லூயிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத் தொண்டர்களே, உங்களுக்கு என்ன சொல்வது! பெரிய வேக்குவம் கிளீனர் போல ஒரு சீழ்க்கை எழுந்து, ஏறி, நிலைத்தது. அதிர்வே இல்லை. பானெட்மேல் கை வைத்துப் பார்க்கவும் விட்டீர்கள்.

செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசூரி மாநிலம்வரை வண்டி ஓட்டிய தம்பிக்கும், வாராவாரம் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் தனி நன்றி. அம்மையாரின் படங்களை அவர் சம்மதத்தோடு பிரதியெடுத்து நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். என்ஜினியர் ஐயாவுக்கு ஒலிப்பதிவை அடுத்த வாரம் நேரில் கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து ஒரு கார் பித்தன்