டோலியின் நுரையீரலில் இருந்த கிருமி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்மறி ஆடுகளுக்குக் கிருமியால் வரும் நுரையீரல் புற்றுநோய் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த சிறு செய்தியைப் படித்தேன். தேக்கா சந்தையில் இனி ஆட்டிறைச்சி வாங்கலாமா என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு எழுந்துவிட்டது. தாராளமாக வாங்கலாம். இறைச்சி மூலம் இது மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. சிங்கப்பூருக்கு ஆட்டிறைச்சி அனுப்பும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த நோயே கிடையாது.

ஆய்வகத்தில் பிசிஆர் சோதனை செய்வது என் வேலை. அதனால், செய்தியில் விடுபட்டுப்போன பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த நோயைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ஜேஎஸ்ஆர்வி என்ற இந்தக் கிருமி ஒரு ரெட்ரோவைரஸ்; அதாவது, தன் மரபணுவை உயிரணுவின் மரபணுவுக்குள் செருகிவிடும் வகை. அது உள்ளே புகுந்தாலும், ஆட்டின் உடல் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டுவதில்லை. இதற்கு நெருங்கிய உறவான கிருமிகளின் பிரதிகள், ஏறக்குறைய 27, ஆட்டின் மரபணுவிலேயே பரம்பரையாக வருகின்றன. ஆட்டின் நஞ்சுக்கொடி சரியாக வளர்வதற்கே அவற்றின் உதவி தேவை. கருவிலிருந்தே பழகிப்போனதால், வெளியிலிருந்து வரும் கிருமியையும் உடல் கண்டுகொள்வதில்லை. ஆகவே ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிப் பயனில்லை. சரி, பிசிஆர் செய்யலாமே என்றால், ஆட்டின் சொந்தப் பிரதிகளில் இல்லாத துண்டைக் கிருமியின் மரபணு முனைகளில் தேடிக் குறிவைக்க வேண்டும். அதில் பிசகினால் நலமான ஆட்டுக்கும் 'பாசிட்டிவ்' வரும். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவு என்பதால் 'நெகட்டிவ்' வந்தாலும் நிம்மதி இல்லை.

அதனால்தான் பண்ணைகளில் இன்றும் ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். நோய் முற்றியிருந்தால் மூக்கு வழியாக நுரைத்த நீர் கொட்டும். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஸ்காட்லாந்தில் கால்நடை மருத்துவர்கள் நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்த்து, அறிகுறி தெரியும் முன்பே கட்டியுள்ள ஆடுகளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஐஸ்லாந்துக்கு அந்த வசதி இருக்கவில்லை. 1933இல் ஜெர்மனியிலிருந்து வாங்கிய 20 காரகுல் ஆடுகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. அவற்றோடு வந்த நோயை, மந்தை மந்தையாக ஆடுகளைக் கொன்றுதான் ஒழிக்க முடிந்தது.

குளோனிங் முறையில் பிறந்த டோலி என்ற செம்மறி ஆட்டையும் சொல்ல வேண்டும். குளோனிங் செய்ததால்தான் அது செத்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 2003 பிப்ரவரியில் அதைக் கருணைக்கொலை செய்யக் காரணம், நுரையீரலில் இந்தக் கிருமி உண்டாக்கிய கட்டிகள்.

சிகரெட்டைத் தொட்டே பார்க்காத என் பெரியம்மாவுக்கு வந்தது அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய். ஆட்டில் வளரும் கட்டியும் ஏறத்தாழ அதே மாதிரியானது. மனிதருக்கு அது வருவதில் இந்தக் கிருமிக்குப் பங்கு உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால், நோயாளி எங்களிடம் வரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும் ஒரு நோயை, ஆட்டில் முதல் கட்டத்திலிருந்தே பார்க்க முடிகிறது. கிருமியின் மேலுறையில் உள்ள புரதமே உயிரணுவைப் புற்றாக மாற்றுவதும் இந்தக் கிருமியை ஆராய்ந்தபோது தெரியவந்ததுதான்.

இங்குள்ள நுரையீரல் புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரிடம் பேசி, இதைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
யீஷூன்