வெளிநாடு போகும் நர்சிங் மாணவர்களுக்குப் போர்க்காலப் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் நர்சிங் படிக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வெளிநாடு போக வேண்டும் என்பதே பலரின் ஆசை. போகட்டும், நல்லதுதான். ஆனால் போன ஊரில் சண்டை மூண்டால் என்ன செய்வது என்று நான் பேசிப் பார்த்த பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை.

2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் 46 இந்திய நர்ஸ்கள் மருத்துவமனைக்குள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போனவர்கள். சம்பளப் பாக்கி வேறு. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்தது. அதனால் முதல் பாடமே வேலை ஒப்பந்தத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், சண்டை வந்தால் டிக்கெட் யார் செலவு, தூதரகத்தில் பெயர் பதிந்தாயிற்றா என்று கேட்கப் பழக்க வேண்டும்.

அப்புறம் செஞ்சிலுவைச் சின்னம். இங்கே கிளினிக் பலகை, மருந்துக்கடை, எஸ்டேட் ஜீப் என்று கண்ட இடத்திலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. போர்முனையில் 'இங்கே சுடாதே' என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2009 தொடக்கத்தில், இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில், வன்னியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீதே ஷெல்கள் விழுந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் நிறைந்த இந்த மலையில் அதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனை இருக்கும் இடத்தை முன்பே தெரிவித்திருந்தும், அமெரிக்க விமானத் தாக்குதலில் 42 பேர் இறந்தார்கள்.

செய்முறைப் பயிற்சிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ரத்தம் நிற்க டூர்னிகே (கை காலை இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டினால், கட்டிய நேரத்தை உடனே எழுத வேண்டும். அதை இருட்டில், கை நடுங்கும்போதும் செய்யத் தெரிய வேண்டும். இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் பார்ப்பது? கத்துகிறவரையா, சத்தமே இல்லாமல் கிடப்பவரையா? குண்டு விழுந்த இடத்துக்கு உடனே ஓடக் கூடாது, அங்கேயே இரண்டாவதும் விழலாம். காயம்பட்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கக் கூடாது. போனில் படம் எடுத்துப் போடவே கூடாது.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி முன்வந்தால், மாவட்டத்து நர்சிங் மாணவர்களையும் சேர்த்துக் கடைசி ஆண்டில் மூன்று நாள் பயிற்சி நடத்தலாம். செஞ்சிலுவைச் சங்கத்தையும் கூப்பிடலாம். ஈராக், ஏமனில் வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸ்கள் பக்கத்துக் கேரளத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பேச வைக்கலாம். அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி