விளம்பரத்து மெக்கானிக்கும் விழுப்புரத்து மெக்கானிக்கும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் மேடேக் வாஷிங் மெஷின் கம்பெனி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால் பக்கம் அந்த 1967 விளம்பரத்துக்கே போய்விட்டது. ஜெஸ்ஸி ஒயிட் என்ற நடிகர் மெக்கானிக் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ரிப்பேருக்கு யாருமே கூப்பிடாமல் ஈ ஓட்டிக்கொண்டிருப்பாரே, அதுதான். விழுப்புரத்தில் இதே வேலை பார்க்கிறவன் நான், ரசித்தேன். ஆனால் மேடேக் பேர் வாங்கியது விளம்பரம் வருவதற்கு ரொம்ப முன்னால்.

1893இல் அயோவா மாநிலம் நியூட்டனில் அவர்கள் தொடங்கியது கதிர்க்கட்டின் கயிற்றை அறுத்து, கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் கதிரை ஊட்டிவிடும் கருவி. சீசன் முடிந்தால் பட்டறை காற்று வாங்கும். அந்த மாதங்களை ஓட்டத்தான் 1907இல் கையால் சுற்றும் மரத்தொட்டி மெஷின் செய்தார்கள். பண்ணை வீடுகளில் கரண்ட் ஏது? அதனால் சில வருடங்களில் பெட்ரோல் என்ஜினையே மாட்டி விற்றார்கள்.

கட்டுரையில் ஹோவர்ட் ஸ்னைடர் பெயரே இல்லாததுதான் எனக்கு வருத்தம். கம்பெனியின் மெக்கானிக் அவர். அதுவரை மேலிருந்து தொங்கி, துணியைப் பிடித்து இழுத்து அலசிய துடுப்பைத் தொட்டியின் அடியில் வைத்தார். துணியை இழுக்காமல் தண்ணீரைத் துணிக்குள் பாய வைத்தது அது. 1922இல் அந்த மாடல் வந்த பிறகுதான் விவசாயக் கருவி கம்பெனி முழு வாஷிங் மெஷின் கம்பெனி ஆனது.

பிழியும் உருளை வைத்த பழைய ரக மெஷினை 1983 வரை செய்திருக்கிறார்கள். மதக் கட்டுப்பாட்டால் மின்கம்பியை வீட்டுக்குள் விடாத அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவ மக்கள் அதை இன்னும் ஓட்டுகிறார்கள். ஸ்பேனர் இருந்தால் கழற்றி மாட்டிவிடலாம், அவ்வளவுதான் விஷயம். 2006இல் வேர்ல்பூல் மேடேக்கை வாங்கியது. மறுவருடமே நியூட்டன் தொழிற்சாலையை மூடியது. (அதே வேர்ல்பூலின் வாஷிங் மெஷின் தொழிற்சாலை எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், திருபுவனையில் இருக்கிறது.)

போன மாதம் என்னிடம் ஒரு ஃப்ரண்ட் லோடு மெஷின் (முன்பக்கம் கதவு வைத்தது) ரிப்பேருக்கு வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்பின்னில் லாரி போகிற மாதிரி சத்தம், பேரிங் போய்விட்டது. பேரிங் சில நூறு ரூபாய். ஆனால் பேரிங் உட்கார்ந்திருக்கும் டப்பின் (தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி) இரண்டு பாதியையும் பிரிக்க முடியாதபடி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். முழு டப்பையும் மாற்றினால் மெஷின் விலையில் பாதி. அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழசுக்குப் போட்டுடுங்க தம்பி" என்றார்.

வாங்கிய பொருளை ரிப்பேர் செய்து பயன்படுத்தும் உரிமைக்காக 2022இல் மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. என் வாடிக்கையாளர்களில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அதைப் பற்றி எழுதுங்கள். மெஷின் வாங்கும்போது "டப் போல்ட் போட்டதா, ஒட்டினதா?" என்று கடையில் கேட்கச் சொல்லியும் இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர்,
விழுப்புரம்