பன்னிரண்டு மூட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. வேறு விசேஷம் இல்லை.

நீ பேசி 52 நாள் ஆகிறது. நான் எண்ணவில்லை, அம்மாதான் நாட்காட்டியில் சுழித்து வைத்திருக்கிறாள். தானியத்தைச் சேர்த்து வைக்க உழவர்களைக் குழுவாகச் சேர்த்து ஊர் ஊராக அலைகிற வேலை, நேரம் இருக்காது. சரி.

உன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது. உலகத்தில் 60 கோடிப் பண்ணைகள், ஆறில் ஐந்து 2 ஹெக்டேருக்கும் கீழே, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு போட்ட கணக்கு என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பிப்பேன். இந்தோனேசியக் கதையையும் சொல்வேன். நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சிக்கு மருந்து மேல் மருந்து அடித்து, அதைத் தின்கிற சிலந்தியைக் கொன்று, புகையானைப் பெருக்கிவிட்டு, கடைசியில் 1986ல் அரசாங்கமே 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்த கதை. அப்புறம் 1989ல் வயல்வெளிப் பள்ளி வந்தது, விவசாயிகளை வயலில் இறக்கிப் பூச்சியை எண்ணச் சொன்னார்கள் என்றாயே, அந்த இடம் வந்தால் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், என்னமோ நானே எண்ணின மாதிரி.

நீயும் எல்லாவற்றையும் எல்லோர் கண் முன்னால் செய். எடையை எல்லோர் முன்னாலும் போடு. கணக்கை உரக்க வாசி. மூட்டை கட்டும் முன் ஈரம் பார். கருவி இல்லையென்றால் நம் உப்பு பாட்டில் போதும்: நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் தானியம், கொஞ்சம் காய்ந்த உப்பு, மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வை. உப்பு பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயப் போடு. அந்தக் காற்றுப் புகாத பையில் ஈரத்தோடு கட்டினால் பூசணம்தான். காய்ந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிற காற்றைத் தீர்த்துவிட்டுத் தானே செத்துப்போகும். கணக்கை உரக்க வாசி. ஏட்டில் பெண்கள் பெயரையும் எழுது, புருஷன் பெயரோடு நிறுத்தாதே.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ, "அப்பா, அந்தக் குழு கலைந்துவிட்டது, என்னால்தான்" என்றாய். நான் உடனே அங்கே மழை எப்படி என்று கேட்டேன். "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டாய். காதில் விழாமல் இல்லை, விழுந்தது.

போன தடவை வந்தபோது ஆப்பிரிக்காவில் இருக்கிற நைஜர் நாட்டைப் பற்றிச் சொன்னாய். அறுவடை முடிந்த கையோடு விற்காமல் தானியத்தைக் கிடங்கில் வைப்பார்கள், அதன் பேரில் கடன் கிடைக்கும், விலை ஏறியதும் விற்று அடைப்பார்கள், கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி உழவர்களிடம், இன்னொன்று கடன் கொடுத்தவரிடம் என்று. நான் பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அந்தக் காலத்தில் நம் ஊர் உழவர் சங்கத்துக் கிடங்குக்கு ஒரே பூட்டு. சாவி என்னிடம். நாலு மாதம் யாரும் மூட்டையைத் தொடக்கூடாது என்று பதினெட்டுக் குடும்பமும் ஒத்துக்கொண்டது. இரண்டாம் மாதமே நான் தொட்டேன். ராத்திரியில், சக்கரம் சத்தம் போடாமல் இருக்க வண்டிப் பட்டையில் சாக்கைச் சுற்றி, 12 மூட்டையை வியாபாரியிடம் கொண்டு போனேன். என்னுடைய மூட்டைதான், அடுத்தவன் மணியைத் தொடவில்லை. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். விடிந்ததும் காலி இடத்தைப் பார்த்தவர்கள் அவரவர் மூட்டையைக் கேட்டார்கள். ஒரு வாரத்தில் கிடங்கில் எலிதான் இருந்தது. விலை நாலாம் மாதம் ஏறியது, வியாபாரிக்கு.

உன் ஃபீஸுக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாய். அதற்குப் பணம் தனியாக இருந்தது. எனக்கு முன்னால் வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம், அவ்வளவுதான். முப்பது வருஷம் களை எடுத்தவள் உன் அம்மா, அவள் பெயர் அந்த ஏட்டில் கிடையாது. இருந்திருந்தால் வண்டி வாசல் தாண்டியிருக்காது.

சங்கம் கலைந்ததற்குச் சந்தைதான் காரணம் என்று இத்தனை வருஷம் உன்னிடமும் சொல்லி வந்தேன். நீ என்னடாவென்றால் உன்னால்தான் என்கிறாய்.

உங்கள் குழுவில் முதலில் மூட்டையை எடுத்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆள் வீட்டுக்குப் போனாயா? போ. திட்டாதே, சும்மா போய் உட்கார். நேரத்துக்குச் சாப்பிடு.

கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ சொல்வாய் என்று அம்மா காத்திருக்கிறாள்.

அப்பா