ராசம்மா என்று பிறந்தவர்

அன்பு மகள்,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று இரண்டு கிழமையாக ஓயவில்லை. காயப்போட்ட உடுப்புகளை வேலியோரம் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. நேற்று மான் இரண்டு ஒழுங்கைக்குள் வந்து, நான் கொட்டிய வாழைத்தோலைத் தின்றுவிட்டுப் போயின. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுகளோடு கதைத்துக்கொண்டு நிற்பாய்.

சிங்கள நாடக ஒத்திகையில் உன் சிங்களத்தைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள், “எனக்கு இது சரிவராதம்மா” என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. போனில் இவ்வளவையும் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

நான் 21 வயதில் இருந்த வளவில் பக்கத்து வீடு ஒரு சிங்களக் குடும்பம். அந்த அக்காவின் புருசனுக்குத் துறைமுகத்தில் வேலை. தீபாவளி நெருங்கிய நேரம், பலகாரம் சுட எனக்கு உதவிக்கு வந்திருந்தார். திருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார், அவர் வீட்டு றேடியோ ஜன்னலில் சிங்களத்தில் செய்தி சொல்லிக்கொண்டு இருந்தது. திடீரென்று துருவுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாதித் தேங்காய் கையில் அப்படியே இருக்கிறது, பூ மடியில் கொட்டுகிறது, அக்காவின் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. “ருக்மணி தேவி போய்விட்டார்” என்றார். சிங்கள நாடகத்திலும் படத்திலும் நடித்துப் பாடிப் பேர் பெற்றவர் அவர். அது 1978 ஒக்டோபர் 28. அடுத்த மாதம்தான் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. அதனால் அந்த வருசம் எனக்கு மறக்காது.

அன்றைக்குத்தான் அக்கா சொல்லி எனக்குத் தெரியும், அவருடைய சொந்தப் பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். ராசம்மா! நான் நம்பவில்லை. நுவரெலியாப் பக்கம் றம்பொடையில் 1923இல் பிறந்தவர், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயதில் நத்தார் நாடகத்தில் மேடை ஏறியவர், பன்னிரண்டு வயதில் சிங்கள மேடையில் இராமாயண நாடகத்துக்குச் சீதையாகிவிட்டார். யோசித்துப் பார் பிள்ளை, ராசம்மா என்ற பெண் சிங்களத்தில் சீதை. பிறகு அந்தக் குரலை இசைத்தட்டில் பதிந்தார்கள். அவர் பாடிய முதல் தட்டு புத்தகயாவைப் பற்றிய பக்திப் பாட்டு. கிறிஸ்தவப் பிள்ளை பாடிய அந்தப் பாட்டைத்தான் சிங்களச் சனம் தங்கள் வீட்டுப் பாட்டாக எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழு. அவர்கள் மேடையில் நடித்த ‘கடவுனு பொறொந்துவ’ நாடகம்தான் 1947 ஜனவரியில் முதலாவது சிங்களப் பேசும் படமாக வந்தது. ருக்மணி தேவிதான் கதாநாயகி, பாடியதும் அவர்தான். அந்தப் படத்தை எடுத்தது எங்கே தெரியுமா? மதுரையில். காசு போட்டவர் எஸ்.எம்.நாயகம், தமிழர். தமிழ் மண்ணில், தமிழர் காசில், ராசம்மாவின் குரலில்தான் சிங்களப் படம் வாய் திறந்தது. இதை உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குச் சொல்லச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உன் நாக்கு எங்கே தடுக்குகிறது என்று எனக்குத் தெரியும். ‘அ’வுக்கும் ‘ஏ’க்கும் நடுவில் நிற்கிற ஒரு ஓசை அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. p, b இரண்டுக்கும் எங்களுக்கு ஒரே ‘ப’, அவர்களுக்குத் தனித்தனி எழுத்து. அந்த அக்கா என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்துத்தான் சொல்லித் தந்தார். மாவு ஒட்டிய விரல், இப்போதும் தாடையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. நீயும் அங்கே ஒரு ஆளைப் பிடி. கூட நடிக்கிற ஒரு பிள்ளையிடம் வெட்கப்படாமல் கேள். கண்ணாடிக்கு முன்னால் ஒரு வசனத்தை நூறு தரம் சொல். விடுகிறதென்றால் நாடகம் மேடை ஏறிய பிறகு விடு, அதற்கு முதல் விடாதே.

பிறகு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடி ஜயமான்னவை, வீட்டார் விருப்பத்தை மீறித்தான் கல்யாணம் முடித்தார். 1956இல் ‘ரேகாவ’ வந்தது. ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்தில் எடுத்த படம். சிங்களப் படத்துக்கு அது நல்லதுதான், நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மெல்ல மெல்ல அந்தப் பழைய பாட்டுப் படங்களின் காலம் போய்விட்டது. நாடு முழுக்கக் கொண்டாடிய குரல் கடைசியில் கார்னிவல் மேடைகளில் பாடிப் பிழைத்தது. மாத்தறையில் ஒரு இசை நிகழ்ச்சி முடிந்து இரவோடு இரவாகத் திரும்பி வருகையில், விடியற்காலையில் ஜா-எலப் பக்கம் வாகனம் மோதி இறந்துபோனார். 55 வயது. இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நீ பாங்க் வேலையை விட்டபோது நாற்பது நாள் உன்னோடு கதைக்காமல் இருந்தேனே, அதற்குக் காரணம் இதுதான் மகள். கோபம் இல்லை, பயம். அந்த நாற்பது நாளும் நான் செய்தது பிழை. என்னை மன்னித்துக்கொள். உன் வழியை இனி மறிக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு காரியம் எனக்காகச் செய். நடித்த காசு உன் பெயரில், உன் கணக்குப் புத்தகத்தில் விழவேண்டும். “பிறகு பார்ப்போம்” என்கிறவர்களிடம் எழுத்தில் வாங்கு. மற்றது, காலியிலோ மாத்தறையிலோ நாடகம் போட்டால் இரவிலே வான் வண்டியில் ஏறி வராதே. அங்கேயே தங்கு. அறைக்குக் காசு இல்லையென்றால் சொல், அம்மா அனுப்புவேன்.

அந்த அக்கா குடும்பம் பிரச்சினைக் காலத்தில் ஊரை விட்டுப் போனது, நாங்களும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தோம். அவர் இருந்தால் உன் நாடகத்துக்கு முன் வரிசையில் இருந்திருப்பார். நான் வருகிறேன். கொழும்பு இரவு ரயிலுக்கு ரிக்கட் போடச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். சீலைக்குத்தான் இன்னும் யோசனை, அந்த நீலச் சீலையைக் கட்டவா?

அம்மா
திருகோணமலை